ஜியோஜீப்ரா: பொத்தானை விடுங்கள், புள்ளியைப் பிடியுங்கள்

கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் தொடங்கும்போதும், பதினொன்றாம் வகுப்பில் சார்புகளின் வரைபடத்தை நகர்த்தும் பகுதி வரும்போதும் ஜியோஜீப்ரா என்ற கணக்குச் செயலியைத் திறந்துவிடுவேன். பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லித்தரும் பெற்றோர் சிலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது முழுச் செயலிக்குமான விமர்சனம் அல்ல. முப்பரிமாணம், நுண்கணிதம், புள்ளியியல் என்று அதற்குள் ஓர் ஊரே இருக்கிறது. அதற்குள் போனால் திரும்ப முடியாது. ஒரு புள்ளியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிரதிபலிப்பது, ஒரு புள்ளியை இடம் மாற்றி வைப்பது, இந்த இரண்டுக்கும் அது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் பார்க்கலாம்.

காசு கிடையாது, விளம்பரத் தொல்லையும் கிடையாது. ஒரு முறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். மார்க்கஸ் ஹோகன்வார்டர் என்ற ஆஸ்திரியர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுநிலை ஆய்வுக்காகத் தொடங்கியது இது. ஜியோமெட்ரியில் பாதி, அல்ஜீப்ராவில் பாதி என்று பெயர் வைத்தார். 2021இல் பைஜூஸ் நிறுவனம் இதை வாங்கியபோது, இனி காசு கேட்பார்களோ என்று ஆசிரியர்கள் மத்தியில் ஒரு பயம் இருந்தது. நான் இப்போதும் காசு கொடுக்காமல்தான் பயன்படுத்துகிறேன். நம் பாடநூல்களில் சில பாடங்களின் முடிவில் வரும் இணையச் செயல்பாட்டில் விரைவுக் குறியீட்டை ஸ்கேன் செய்தால் திறப்பதும் பெரும்பாலும் இதுதான். ஆகவே பிள்ளைகளுக்குப் பெயராவது தெரிந்திருக்கும்.

செயலிக் கடையில் தேடினால் ஜியோஜீப்ரா என்ற பெயரில் நாலைந்து நிற்கும். வடிவியலுக்கென்றே ஒன்று, வரைபடக் கணிப்பான் என்று ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பு ஒன்று. "நாம் செய்வது வடிவியல்தானே" என்று வடிவியல் செயலியை இறக்கிவிடாதீர்கள். அதைத் திறந்தால் வெள்ளைத் தாள்தான் வரும், அச்சுகள் இருக்காது. யூக்ளிட் வழியில் கோடும் வட்டமும் போடுகிறவர்களுக்கு அது சரி. நமக்கு எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் கட்டங்களும் திறந்தவுடனே வேண்டும். வரைபடக் கணிப்பானை எடுங்கள். தொகுப்பு இருந்தாலும் போதும், அதற்குள் இதுவும் இருக்கிறது.

திறந்ததும் அமைப்புகளில் இரண்டை மாற்றுங்கள். புள்ளியின் பக்கத்தில் பெயரோடு மதிப்பும் தெரியட்டும். அப்போதுதான் ஏ என்ற எழுத்தின் பக்கத்திலேயே (3, 2) என்று நிற்கும், புள்ளி நகர நகர எண்களும் மாறும். அடுத்தது, புள்ளி கட்டங்களின் முனைகளில் மட்டும் நிற்கும்படி வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் விரல் போன போக்கில் (2.97, 2.04) என்று வந்து நிற்கும். பிள்ளைக்கு அதைப் பார்த்தவுடன் பாதி உற்சாகம் போய்விடும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஜியோஜீப்ராவில் ஒரு கோட்டைக் கண்ணாடியாக வைத்துப் பிரதிபலிக்கத் தனிப் பொத்தான் உண்டு. அதைத் தொட்டு, புள்ளியைத் தொட்டு, கோட்டைத் தொட்டால் பிம்பம் வந்துவிடும். ஏ-வுக்கு ஏ-பிரைம் என்று பெயரும் அதுவே வைத்துக்கொள்ளும். எவ்வளவு வசதி! என் கணக்கில், கற்றுக்கொள்கிறவனுக்கு இந்தச் செயலியிலேயே உதவாத பொத்தான் அதுதான். மூன்று தொடலில் விடை கிடைத்துவிடுகிறது. பையன் எதையும் யோசித்திருக்க மாட்டான். விடையைச் சரிபார்க்க அந்தப் பொத்தானை வைத்துக்கொள்ளலாம். விடை கண்டுபிடிக்க அதைத் தொடவே கூடாது என்பது என் வகுப்பில் சட்டம்.

அதற்குப் பதிலாக பிம்பத்தைப் பிள்ளையே எழுதட்டும். ஏ = (3, 2) என்று ஒரு வரி (செயலியில் எழுதும்போது எல்லாம் ஆங்கில எழுத்துகள்தான்). அடுத்த வரியில், எக்ஸ்(ஏ) என்று எழுதினால் ஏ-யின் எக்ஸ் தொலைவையும், ஒய்(ஏ) என்று எழுதினால் ஒய் தொலைவையும் செயலி எடுத்துக்கொள்ளும். ஒய் அச்சில் பிரதிபலிக்க என்ன எழுத வேண்டும்? ஒருவன் (எக்ஸ், -ஒய்) என்பான், இன்னொருத்தி (-எக்ஸ், ஒய்) என்பாள். இரண்டையும் எழுதச் சொல்லிவிட்டு ஏ-யைப் பிடித்து இழுக்கச் சொல்வேன். ஒய் அச்சை நோக்கி இழுத்தால் பிம்பமும் ஒய் அச்சை நோக்கி வர வேண்டும், இரண்டும் அச்சின் மேலேயே முட்டிக்கொள்ள வேண்டும். தப்பாக எழுதிய புள்ளி அங்கே வராது, கீழே எங்கோ போய்க்கொண்டிருக்கும். "டீச்சர், என்னது கீழே ஓடுது" என்று அவனே சொல்வான். எக்ஸ் அச்சில் பிரதிபலித்தால் எக்ஸ்தான் மாறும் என்று நினைப்பது இந்தப் பாடத்தில் வருடா வருடம் வரும் தவறு. கரும்பலகையில் விதியைப் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டாலும் அது போவதில்லை, இழுத்துப் பார்த்தால் போய்விடுகிறது. எக்ஸ் அச்சு கண்ணாடியாக இருக்கும்போது பக்கவாட்டில் இழுத்தால் இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே போகின்றன, மேலே இழுத்தால் மற்றது கீழே போகிறது. மாறுவது எது என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது.

இழுப்பதால் தெரியும் இன்னொன்றும் உண்டு, நான் இதை அதிகம் மதிக்கிறேன். "மைனஸ் போட்டால் குறை எண்" என்று பிள்ளைகள் மனதில் பதிந்திருக்கும். (3, 2)-இன் பிம்பம் (-3, 2) என்றவுடன், ஒய் அச்சில் பிரதிபலித்தால் எக்ஸ் குறை எண்ணாகிவிடும் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஏ-யை இழுத்து இடப்பக்கம் மேலே உள்ள இரண்டாம் கால்பகுதிக்குக் கொண்டுபோனால் ஏ (-3, 2) ஆகிறது, பிம்பம் (3, 2) என்று வலப்பக்கம் வந்து நிற்கிறது. எழுதியிருப்பது அதே -எக்ஸ்தான், வந்திருப்பதோ மிகை எண். புத்தகக் கணக்குகளில் முதல் கால்பகுதிப் புள்ளியாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் இடிக்கும். இடிக்கட்டும். பதினொன்றாம் வகுப்பில் மட்டு மதிப்பு (பூச்சியத்திலிருந்து ஓர் எண் இருக்கும் தூரம்) வரும்போது, எக்ஸ் பூச்சியத்தைவிடச் சிறியதாக இருந்தால் மட்டு மதிப்பு -எக்ஸ் என்பதை ஏற்றுக்கொள்ள முடியாமல் பிள்ளைகள் தவிப்பதும் இதே காரணத்தால்தான்.

அச்சுகள் முடிந்ததும் எக்ஸ் = 4 போன்ற கோடுகள். இதற்கு (2அ - எக்ஸ், ஒய்) என்று ஒரு சூத்திரம் உண்டு, எக்ஸ் = அ என்பது கண்ணாடிக் கோடு. மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு வரை வைத்திருப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். அந்த 2 ஏன் வருகிறது என்பதைக் காட்ட ஜியோஜீப்ராவை மிஞ்சி நான் எதையும் பார்க்கவில்லை. அ = 1 என்று எழுதினால் ஒரு நழுவி (ஸ்லைடர்) வந்துவிடும், அதை விரலால் தள்ளலாம். எக்ஸ் = அ என்று ஒரு கோடு, (2அ - எக்ஸ்(ஏ), ஒய்(ஏ)) என்று ஒரு பிம்பம். இப்போது புள்ளியைத் தொடாதீர்கள், கண்ணாடியை நகர்த்துங்கள். கோடு ஒரு கட்டம் போனால் பிம்பம் இரண்டு கட்டம் தாவுகிறது. கோடு ஒரு கட்டம் தள்ளிப்போனதும் புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு கட்டம் கூடிவிட்டது. அதே அளவு அந்தப் பக்கமும் கூட வேண்டும். மொத்தம் இரண்டு. இதைப் பார்த்த பிறகு யாரும் என்னிடம் 2 எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. (நழுவியின் படி முதலில் 0.1 ஆக இருக்கும், அதை 1 ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் கட்டத்தை எண்ணிப் பார்க்க முடியாது.)

இந்த இடத்தில் அவசரப்படாமல் இன்னொரு கண்ணாடியையும் வையுங்கள். எக்ஸ் = 1, எக்ஸ் = 4 என்று இரண்டு கோடுகள். (0, 2)-ஐ முதல் கோட்டில் பிரதிபலித்தால் (2, 2). அதை இரண்டாம் கோட்டில் பிரதிபலித்தால் (6, 2). மொத்தத்தில் புள்ளி வலப்பக்கம் 6 நகர்ந்திருக்கிறது. ஏ-யை எங்கே இழுத்துப்போனாலும் அந்த 6 மாறாது. இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம் 3, அதன் இரு மடங்கு. இரண்டு முறை கண்ணாடியில் காட்டியதில் கண்ணாடியே காணாமல் போய், வெறும் நகர்த்தல் மிச்சமாகிறது! வரிசையை மாற்றி எக்ஸ் = 4-ஐ முதலில் எடுத்தால் (8, 2), பிறகு (-6, 2). இப்போது இடப்பக்கம் 6. நான் கல்லூரியில் படித்தபோது இதைத் தாளில் எழுதி நிரூபித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது ஜியோஜீப்ராவில்தான், கணக்கு டீச்சரான பிறகு. சரிபார்க்கும் வேலைக்கு இங்கே அந்தப் பிரதிபலிப்புப் பொத்தானைத் தாராளமாக உபயோகிக்கலாம்.

வரிசை மாறினால் விடை மாறும் என்பதைப் பிரதிபலிப்பையும் நகர்த்தலையும் கலந்தும் காட்டலாம். (2, 1)-ஐ ஒய் அச்சில் பிரதிபலித்து வலப்பக்கம் 3 தள்ளினால் (1, 1). முதலில் தள்ளிவிட்டுப் பிரதிபலித்தால் (-5, 1). ஆனால் எக்ஸ் அச்சில் பிரதிபலித்து வலப்பக்கம் தள்ளும்போது வரிசை எப்படி இருந்தாலும் (5, -1) தான். ஏன் அங்கே மாறுகிறது, இங்கே மாறவில்லை என்று கேட்டுவிட்டு நான் சும்மா நின்றுகொள்வேன்.

நகர்த்தலுக்கு வருகிறேன். பிரதிபலிப்பு அளவுக்கு இதில் பேச ஒன்றும் இல்லை. ஏ + (4, -1) என்று எழுதினால் போதும், புள்ளி வலப்பக்கம் 4, கீழே 1 நகர்ந்து நிற்கும். இதற்கும் பொத்தான் உண்டு, அது ஒரு திசையனை, அதாவது எந்தப் பக்கம் எவ்வளவு என்று காட்டும் அம்பை, கேட்கும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் வைத்து (4, -1) என்று எழுதினால் செயலி அதைத் திசையனாக எடுத்துக்கொண்டு அம்புக்குறி போடும், பெரிய எழுத்தில் எழுதினால் புள்ளியாக எடுத்துக்கொள்ளும். அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒன்றேதான், முதல் எழுத்தால் பொருளே மாறுகிறது. கைபேசியின் விசைப்பலகையில் இது சட்டென்று கண்ணில் படாது. தெரிந்தவர்களுக்கு இது நல்ல வசதி. தெரியாத பெற்றோர் செயலியில்தான் ஏதோ கோளாறு என்று மூடிவைத்துவிடுவார்கள்.

நகர்த்தல் பற்றிச் சொல்லும்போது ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். புள்ளியைத் தொடப்போன விரல் கொஞ்சம் தவறி வெற்றிடத்தில் பட்டால் முழுத் தளமும் நகரும், அச்சும் கட்டமும் புள்ளியும் சேர்ந்தே போகும். "நகர்ந்துடுச்சு டீச்சர்" என்று ஒருத்தி சொல்ல, பக்கத்தில் இருந்தவள் "இல்லடி, நம்பரைப் பாரு, அதேதான் இருக்கு" என்றாள். நான் பாடத்திட்டத்தில் தேடிக்கொண்டிருந்த கேள்வி தானாக வந்து விழுந்தது. திரையில் இடம் மாறினால் புள்ளி நகர்ந்ததாகிவிடுமா? அச்சுகளைப் பொறுத்து எங்கே இருக்கிறது என்பதுதானே ஆயத்தொலைவு. அச்சுகள் மட்டும் இடப்பக்கம் 3 போய், புள்ளி அதே இடத்தில் நின்றால் என்ன எழுதுவோம்? எக்ஸ் தொலைவு 3 கூடும், புள்ளி வலப்பக்கம் 3 போனது போலவே. இந்தப் பேச்சு ஒரு பீரியடைத் தின்றுவிட்டது. எனக்கு வருத்தம் இல்லை.

ஒய் = எக்ஸ் கோட்டில் பிரதிபலிக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. இதில் எக்ஸும் ஒய்யும் இடம் மாறிக்கொள்ளும், (5, 1) போய் (1, 5) ஆகும். விதி சுலபம்தான். ஆனால் ஜியோஜீப்ராவில் ஓர் அச்சை மட்டும் பிடித்து நீட்டவோ சுருக்கவோ முடியும். தெரியாமல் அப்படி நீட்டிவிட்டால் கட்டங்கள் சதுரமாக இருக்காது, கோடு 45 பாகையில் தெரியாது, பிம்பம் கோணலான இடத்தில் நிற்பது போல இருக்கும். எண்கள் சரியாகவே இருக்கும், படம்தான் கண்ணை ஏமாற்றும். கண்ணாடிக் கோடு புள்ளிக்கும் பிம்பத்துக்கும் இடையே மையக்குத்துக்கோடாக வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் படத்தில் செங்கோணமே இல்லாமல் இருந்தால் எப்படி? வீடு போல இருக்கும் பொத்தானைத் தொட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். அமைப்புகளில் இரண்டு அச்சுகளுக்கும் 1:1 என்றும் வைக்கலாம்.

பதினொன்றாம் வகுப்புக்கு இது வேறொரு விதத்தில் உதவுகிறது. எக்ஸின் வர்க்கத்தை வரைந்து, அதில் எக்ஸுக்குப் பதிலாக எக்ஸ் - 3 போட்டால் பரவளையம் வலப்பக்கம் நகர்கிறது. கழித்தால் இடப்பக்கம்தானே போக வேண்டும் என்று வகுப்பே சண்டைக்கு வரும். புள்ளிக்கு +3 போட்டால் வலப்பக்கம், சார்புக்குள் -3 போட்டாலும் வலப்பக்கம். இதற்கு நான் கண்ட வழி, முதலில் வளைவரையை மறந்துவிட்டு அதன் மேல் ஒரு புள்ளியைக் கட்டிவைப்பது. செயலியில் புள்ளியை வளைவரை மேலேயே ஓடும்படி வைக்கலாம். பிறகு அந்தப் புள்ளி + (3, 0) என்று இன்னொரு புள்ளி, அதற்குத் தடம் விடும் வசதியைப் போட்டுவிடுங்கள். முதல் புள்ளியை இழுக்க இழுக்க இரண்டாவது புள்ளி வலப்பக்கத்தில் புதுப் பரவளையத்தைப் புள்ளிபுள்ளியாகக் கோலம் போடுவது போலப் போட்டுக்கொண்டே போகும். இப்போது அந்தப் புது வளைவரையில் நிற்கும் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, "உன் உயரம் எவ்வளவு" என்று கேட்டால், அது 3 பின்னால் போய்ப் பழைய இடத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பின்னால் போவதுதான் -3. சமன்பாட்டை எழுதி அதன் மேல் பொருத்திக் காட்டும்போது சண்டை நின்றுவிடும். எல்லோருக்கும் நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன், பாதிப் பேராவது அமைதியாவார்கள்.

குறைகளும் உண்டு. வேண்டிய அமைப்புகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு இரண்டு மூன்று அடுக்கு உள்ளே போக வேண்டும். சிறிய திரையில் எழுதும் பகுதியும் படமும் இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன, கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடித்தால் கொஞ்சம் தேவலை. மூலப் புள்ளியை அழித்தால் அதைச் சார்ந்த பிம்பமும் தடமும் எல்லாம் சேர்ந்து போய்விடும். அது நியாயம்தான், ஆனால் பையன் அரைமணி நேரம் கட்டியது ஒரு தொடலில் மறைந்தால் அழுதுவிடுவான், பின்னோக்கிப் போகும் அம்புக்குறி எங்கே இருக்கிறது என்பதை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

வரைபடத்தாளுக்கு இது மாற்று அல்ல. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், அங்கே பென்சிலும் அளவுகோலும்தான் பேசும். அளவுத்திட்டம் எழுதுவது, அச்சுகளுக்குப் பெயரிடுவது, புள்ளியைச் சரியான இடத்தில் குறிப்பது, இவை எல்லாம் ஜியோஜீப்ரா உங்களுக்காகச் செய்துவிடும் வேலைகள். செய்துவிடுவதாலேயே பிள்ளைக்கு அவை பழகாது. என் வகுப்பில் புள்ளி எங்கே போய் நிற்கும் என்ற கணிப்பைத் தாளில் எழுதியவர்கள்தான் மடிக்கணினிப் பக்கம் வரலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கோ இந்தச் செயலியே தேவையில்லை. எண்ணெய்க் காகிதத்தில் வரைந்து கோட்டில் மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் முடிந்தது.

டெஸ்மாஸ் என்ற இன்னொரு வரைபடச் செயலி நல்லதா, இது நல்லதா என்றும் கேட்கிறார்கள். புள்ளியை இழுத்து எண்களைப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் டெஸ்மாஸ் இன்னும் சுலபம், திரையும் சுத்தமாக இருக்கும். (அ, ஆ) என்று எழுதினால் நழுவி வேண்டுமா என்று அதுவே கேட்கும், அடுத்த வரியில் (-அ, ஆ) என்று எழுதினால் ஒய் அச்சின் பிம்பம் தயார். அதுவும் இலவசம். ஏற்கெனவே டெஸ்மாஸ் வைத்திருப்பவர்கள் இதற்காக மாற வேண்டியதில்லை. இரண்டும் இல்லாதவர்களுக்கு ஜியோஜீப்ராவைச் சொல்வேன். பாடநூலின் இணையச் செயல்பாடுகள் அதிலேயே இருக்கின்றன, பிள்ளை மேல் வகுப்புக்குப் போகும்போது திசையனுக்கும் கூம்பு வெட்டிக்கும் வேறு செயலி தேட வேண்டியிருக்காது.